ஸ்யாத் என்றால் ஐயமா? ஜி.என். ராமச்சந்திரனின் தர்க்கத்தை மணிமேகலைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு வாசிப்பு

ஜி.என். ராமச்சந்திரன் என்ற பெயரைச் சொன்னால் உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் அவர் சொன்ன கொலாஜனின் மூவிழைச் சுருள் அமைப்பு. இன்னொன்று, 1963-இல் வந்த ராமச்சந்திரன் வரைபடம். அவர் பிற்காலத்தில் ஒரு தர்க்க முறையையும் உருவாக்கினார் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. பெங்களூரில் இருந்தபோது 1982 முதல் கரண்ட் சயின்ஸ் இதழில் அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்யாத் நியாய சிஸ்டம்'.

தெரிந்தவர்களிலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது பெரிய விஞ்ஞானியின் வயதான காலத்துப் பொழுதுபோக்கு. இன்னொரு கட்சி, 'ஜைனர்களின் ஸ்யாத்வாதம்தான் இன்றைய பாராகன்சிஸ்டன்ட் லாஜிக், ராமச்சந்திரனே நிரூபிச்சுட்டார்' என்று ஃபார்வர்ட் பண்ணும் கட்சி. இந்த இரண்டு கட்சியிலும் கட்டுரையைத் திறந்து அந்த நாலு ஜோடி எண்களைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு என்பது என் சந்தேகம். போட்டுப் பார்த்தால் அது பொழுதுபோக்கு இல்லை என்பது தெரியும். அதில் முரணுக்கு ராமச்சந்திரன் கொடுக்கிற இடம் ஜைனர் கொடுத்த இடம் இல்லை என்பதும் தெரியும். அவர் வைத்த பெயர் ஒரு பக்கம் இழுக்கிறது, அவர் போட்ட கணக்கு வேறு பக்கம் போகிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடலாம். கல்லூரியில் நாம் படித்த தர்க்கத்தில் ஒரு முரண் உள்ளே நுழைந்தால் கதை முடிந்தது. அதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். இதற்கு 'வெடிப்பு' என்று பெயர். எங்க ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இணையத்தில் கருங்குழி என்று தேடினால் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஒரு பக்கம் சொல்லும். செங்கல்பட்டில் இல்லை, வடலூருக்குப் பக்கத்தில் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது, வள்ளலார் தங்கியிருந்த ஊர் என்று இன்னொரு பக்கம் சொல்லும். இரண்டையும் ஒரே கோப்பில் ஏற்றினால் என்ன ஆகும்?

'கருங்குழி செங்கல்பட்டில் இருக்கிறது' என்பது மெய். அப்படியானால் 'கருங்குழி செங்கல்பட்டில் இருக்கிறது, அல்லது வேடந்தாங்கல் கொக்கெல்லாம் பித்தளை' என்பதும் மெய். 'அல்லது' போட்டால் ஒரு பக்கம் மெய்யாக இருந்தால் போதுமே. இப்போது இரண்டாவது தகவல் வருகிறது: கருங்குழி செங்கல்பட்டில் இல்லை. முதல் பக்கம் அடிபட்டது. மிச்சம்? வேடந்தாங்கல் கொக்கெல்லாம் பித்தளை. சி.ஐ. லூயிஸ் 1932-இல் லாங்ஃபோர்டோடு எழுதிய புத்தகத்தில் காட்டிய வழி இது. 12ஆம் நூற்றாண்டுப் பாரிஸிலேயே இந்த வித்தை தெரிந்திருந்தது என்பார்கள்.

நம்ம ஊரில் இதற்கு ஒரு வார்த்தை உண்டு: மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது. ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தால் கொக்குக்கு என்ன? இந்தக் கேள்வியைக் கணிதமாக எடுத்துக்கொண்டதுதான் ரெலவன்ட் லாஜிக். தமிழில் தொடர்புத் தர்க்கம் என்று சொல்கிறேன். ஆண்டர்சனும் பெல்னாப்பும் இதன் பெரிய பெயர்கள், அவர்களுடைய 'என்டெயில்மென்ட்' முதல் தொகுதி 1975-இல் வந்தது. 'இது இருந்தால் அது' என்று சொல்வதானால் இதற்கும் அதற்கும் பொதுவாக ஏதாவது ஒரு கூறாவது இருக்க வேண்டும் என்பது அவர்களின் குறைந்தபட்ச நிபந்தனை. முரண் தாங்கும் தர்க்கம், அதாவது பாராகன்சிஸ்டன்ட் லாஜிக், இதைவிடக் கொஞ்சம் பரந்த குடும்பம். முரண் வந்தாலும் வெடிக்காத எல்லாம் அதில் அடக்கம். போலந்தில் யாஸ்கோவ்ஸ்கி 1948-இல், பிரேசிலில் டா கோஸ்டா 1963-இல் என்று பல ஊரில் தனித்தனியாகப் பிறந்தது.

இனி ராமச்சந்திரன். அவர் ஒரு வாக்கியத்தின் நிலையை ஒரு எண்ணாக எழுதாமல் இரண்டு எண் கொண்ட ஜோடியாக எழுதுகிறார். மெய் என்றால் (1 0). பொய் என்றால் (0 1). ஐயம் என்றால் (1 1). முரண் என்றால் (0 0). இணைப்புச் சொற்கள் எல்லாம் இரண்டுக்கு இரண்டு அணிகள். அனுமானம் என்பது ஜோடியை அணியால் பெருக்குவது. கூட்டலில் ஒன்றும் ஒன்றும் ஒன்று, அவ்வளவுதான் வித்தியாசம். ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். பத்து வரியில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு, 'மதுராந்தகம் ஏரி கலங்கல் வழிந்தால் கிளியாற்றில் தண்ணீர் போகும்' என்று ஒரு விதி. இதற்கான அணியின் முதல் வரிசை 1 0, இரண்டாவது வரிசை 1 1. ஏரி வழிகிறது என்று தெரிந்தால் (1 0)-ஐப் பெருக்குகிறோம், (1 0) வருகிறது. கிளியாற்றில் தண்ணீர், மெய். ஏரி வழியவில்லை என்று தெரிந்தால் (0 1)-ஐப் பெருக்குகிறோம், (1 1) வருகிறது. ஐயம். சரியான பதில். ஏரி வழியாவிட்டாலும் மழைத் தண்ணீர் ஆற்றில் ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். பாடப்புத்தகத் தர்க்கத்தில் 'முன்பகுதி பொய்யானால் முழு வாக்கியமும் மெய்' என்று படித்து, பரீட்சை எழுதி, கடைசி வரைக்கும் ஏன் என்று புரியாமலே விட்டோமே, அந்த இடத்தை ராமச்சந்திரன் அழகாகத் திருப்பிப் போடுகிறார். 'முன்பகுதி பொய்யானால் பின்பகுதியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.' இதற்காகவே அவரை மெச்சலாம்.

இப்போது முரண். மதுராந்தகத்திலிருந்து ஒருவர் 'கலங்கல் வழியுது' என்று மெசேஜ் போடுகிறார். ஐந்து நிமிஷத்தில் இன்னொருவர் 'வழியல, புரளி' என்கிறார். இரண்டு தகவலையும் சேர்க்கும்போது ராமச்சந்திரன் முறையில் உறுப்புக்கு உறுப்பு பெருக்க வேண்டும். (1 0), (0 1) இரண்டையும் பெருக்கினால் (0 0). முரண். அடுத்த படியில் அதை மேலே சொன்ன அணியில் விடுங்கள். பூஜ்யத்தை எதில் பெருக்கினால் என்ன, (0 0)-தான். கிளியாறும் முரண். கிளியாற்றை வைத்து வேறு விதி எழுதியிருந்தால் அதுவும் முரண். ஆனால் வேடந்தாங்கல் கொக்கு? அதற்கும் ஏரிக்கும் இடையில் நாம் எந்த அணியும் எழுதவில்லை. அது இருந்த இடத்தில் ஐயமாகவே இருக்கும், பித்தளை ஆகாது.

ஆக, இது வெடிக்கிற தர்க்கம் இல்லை. அதே சமயம் முரணைத் தாங்குகிற தர்க்கமும் இல்லை. முரண் இங்கே தொற்று மாதிரி பரவுகிறது. தொடர்பு இருக்கிற இடமெல்லாம் போகும், தொடர்பு இல்லாத இடத்துக்குப் போகாது. 'ராமச்சந்திரன் பாராகன்சிஸ்டன்ட் லாஜிக் கண்டுபிடித்தார்' என்பவர்களும், 'இது வெறும் பூலியன் கணக்கு' என்று ஒதுக்குகிறவர்களும் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

இதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1977-இல், பெல்னாப் ஒரு கட்டுரை எழுதினார். கம்ப்யூட்டர் எப்படி யோசிக்க வேண்டும் என்பதுதான் அதன் கேள்வி. பல பேரிடமிருந்து தகவல் வாங்கும் ஒரு கம்ப்யூட்டர், யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஆனாலும் தகவல்கள் முட்டிக்கொள்கின்றன. அவரும் நாலு நிலை வைக்கிறார். மெய் என்று சொல்லப்பட்டது, பொய் என்று சொல்லப்பட்டது, இரண்டும் சொல்லப்பட்டது, எதுவும் சொல்லப்படவில்லை. இதையும் ஜோடியாக எழுதலாம். மெய் (1 0), பொய் (0 1), இரண்டும் (1 1), எதுவுமில்லை (0 0).

கவனியுங்கள். அதே நாலு ஜோடி. ஆனால் முரணுக்கு அவர் எழுதுவது (1 1), இவர் எழுதுவது (0 0). பெல்னாப்புக்கு 1 என்றால் 'யாரோ சொல்லிவிட்டார்கள்'. ராமச்சந்திரனுக்கு 1 என்றால் 'இன்னும் விலக்கப்படவில்லை'. பெல்னாப்பின் கம்ப்யூட்டர் காலையில் (0 0)-இல் ஆரம்பித்துத் தகவல் வர வர ஒன்றுகளைச் சேர்த்துக்கொண்டே போகும். ராமச்சந்திரனுடையது (1 1)-இல் ஆரம்பித்து ஒன்றுகளை அழித்துக்கொண்டே போகும். கணக்கு மட்டும் பார்த்தால் ஒன்றை மற்றதாக மாற்ற ஒரு வரி போதும்: 'மெய் என்று சொன்னார்கள்' என்பதைப் 'பொய் விலக்கப்பட்டது' என்று படித்தால் முடிந்தது. நிலைகள் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும்.

அவர் ஏன் விலக்குவதிலிருந்து தொடங்கினார் என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. ராமச்சந்திரன் வரைபடம் வேலை செய்யும் விதமே இதுதான். ஒரு பெப்டைடு சங்கிலியில் ஃபை, சை என்று இரண்டு கோணங்கள். எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன என்று கணக்குப் போட்டு அந்தப் பகுதிகளை நீக்கிக்கொண்டே வர வேண்டும். மிச்சம் இருப்பதுதான் புரதத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடம். எல்லாம் நீங்கிப்போய் ஒன்றுமே மிஞ்சாவிட்டால் அப்படி ஒரு மூலக்கூறு இருக்க முடியாது என்று அர்த்தம். இருபது வருஷம் இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு (0 0) 'நடக்க முடியாதது' என்று தெரிவதில் ஆச்சரியமில்லை. மூலக்கூறு விஷயத்தில் அது நியாயமும்கூட. ஒரு அணு ஒரே நேரத்தில் இரண்டு சாட்சி சொல்லாது.

ஆனால் மனிதர்கள் சொல்வார்கள். அப்போது இரண்டு முறையும் பிரிகின்றன. கிளியாற்றைப் பற்றிப் பெல்னாப்பின் கம்ப்யூட்டரைக் கேளுங்கள். ஏரி வழிகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டார், விதி இருக்கிறது, ஆகவே கிளியாற்றில் தண்ணீர் என்று அது குறித்துக்கொள்ளும். வழியவில்லை என்று இன்னொருவர் சொன்னது ஏரியைப் பற்றியது. அதை வைத்து ஆற்றைப் பற்றி எதுவும் பெற முடியாது. எனவே ஏரி 'இரண்டும்', ஆறு வெறும் 'மெய்'. ராமச்சந்திரன் முறையில் ஏரியும் முரண், ஆறும் முரண். நிலைகள் பொருந்தினாலும் அனுமானம் பொருந்தவில்லை. ஆற்றங்கரையில் மாட்டுக்கொட்டகை வைத்திருப்பவருக்கு ஒரு கம்ப்யூட்டர் 'மாட்டை அவுத்துடு' என்று சொல்லும். இன்னொன்று எரர் காட்டி நிற்கும்.

சரி, இங்கே மூன்றாவதாக ஒரு பதில் நம்மிடமே இருக்கிறது. அதை இந்த விவாதத்தில் யாரும் எடுப்பதில்லை என்பது எனக்குக் குறை. மணிமேகலையின் 29ஆம் காதை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தர்க்கம் சொல்லிக்கொடுக்கும் இடம். கதை படிக்கிறவர்கள் அந்தக் காதையைத் தாண்டிப் போய்விடுவார்கள். உ.வே.சா. 1898-இல் பதிப்பித்த நாளிலிருந்தே அது கடினமான பகுதி என்று பெயர் எடுத்தது. அதன் உள்ளடக்கம் நியாயப்பிரவேசம் என்ற சமஸ்கிருத நூலோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமானத்தின் உறுப்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகும் என்று வரிசைப்படுத்துகிறது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப் போலி 10.

இதில் முரண் ஒரே இடத்தில் வரவில்லை என்பதுதான் முக்கியம். தன் வாயாலேயே தன் பேச்சை முறிப்பது ஒரு வகை. பெற்ற தாயை மகனே மலடி என்று சொல்வது அதற்கு உதாரணம். அது பக்கப்போலி, அதாவது வாதத்துக்கே எடுத்துக்கொள்ளத் தகாத பேச்சு. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு வகை ஏதுப்போலியில், அநைகாந்திகம் ஆறில் ஆறாவதாக வருகிறது. பெயர் விருத்த வியபிசாரி. சத்தம் அநித்தியம், ஏனென்றால் அது செய்யப்படுவது, குடத்தைப் போல என்கிறார் ஒருவர். சத்தம் நித்தியம், ஏனென்றால் அது கேட்கப்படுவது, சத்தத்துவத்தைப் போல என்கிறார் மற்றவர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஏதுவும் ஒழுங்கானவை. சேர்த்துப் பார்த்தால் முடிவுகள் முட்டுகின்றன. அப்போது என்ன முடிவு? ஐயம். எதுவும் நிச்சயமாகவில்லை என்று நிறுத்துகிறார்கள். இதிலிருந்து கொக்கு பித்தளை என்று ஒருவரும் போகவில்லை. 'சொல்லப்பட்டது' என்று குறித்துக்கொண்டு மேலே போகவும் இல்லை.

ராமச்சந்திரன் ஜோடியில் எழுதினால், இரண்டு நல்ல வாதங்கள் மோதும்போது மணிமேகலை தரும் பதில் (0 0) இல்லை, (1 1). அழித்த ஒன்றுகளை மறுபடி எழுதிவிடுகிறது! அதாவது, ஒன்றும் தெரியாமல் இருந்த காலை நிலைக்குத் திரும்புகிறது. ஒரு குறை உடனே தோன்றும்: ஒன்றும் கேள்விப்படாதவனின் ஐயமும், இரண்டு பக்கமும் வலுவாகக் கேட்டவனின் ஐயமும் ஒன்றா? பெல்னாப் இதைப் பிரித்துக் காட்டுகிறார், மணிமேகலையின் விடை பிரிப்பதில்லை. ஆனால் பட்டியல் பிரிக்கிறது. அநைகாந்திகம் ஆறும் ஐயத்தில்தான் முடியும், ஆனால் எந்த வழியாக ஐயத்துக்கு வந்தோம் என்பதற்கு ஆறு பெயர் வைத்திருக்கிறார்கள். நிலை ஒன்று, காரணம் ஆறு. டேட்டாபேஸில் நிலையை ஒரு காலத்திலும் காரணத்தை இன்னொரு காலத்திலும் வைக்கிற மாதிரி. மோசமான டிசைன் இல்லை.

இது வெறும் பண்டிதச் சண்டை இல்லை என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். பல வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டில் முதியோர் உதவித்தொகைப் பட்டியலை இன்னொரு பட்டியலோடு ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரு டேபிளில் பாட்டி உயிரோடு இருக்கிறார், இன்னொரு டேபிளில் இறந்துவிட்டார். இரண்டும் பொருந்தவில்லை என்றால் 'மிஸ்மேட்ச்' என்று குறி, குறி விழுந்தால் அதற்குக் கீழே இருக்கிற எல்லாமே நிறுத்தம். (0 0) போய் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கியது. யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படி எழுதவில்லை, அணிப் பெருக்கல் அப்படித்தான் போகும். பெல்னாப் முறையில் எழுதியிருந்தால், 'உயிரோடு இருக்கிறார்' என்று ஒரு டேபிள் சொல்வதால் பணம் போயிருக்கும். மணிமேகலை முறையில் எழுதியிருந்தால் பணத்தை நிறுத்தும் முன்னால் ஒரு ஆள் அந்த வீட்டுக்குப் போய் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்திருக்க வேண்டும். மூன்று அர்த்தவியல், மூன்று விதமான மாசக் கடைசி. அந்த ப்ராஜெக்டில் எந்த மீட்டிங்கிலும் இதைத் தர்க்கப் பிரச்சினை என்று யாரும் பேசவில்லை. 'எட்ஜ் கேஸ்' என்று பேசினோம்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வரலாம். 'ஸ்யாத்' என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே புதிதாக இருப்பது (1 1), ஐயம் என்றால், படிப்பவர் ஸ்யாத் என்றால் ஐயம் என்றுதான் எடுத்துக்கொள்வார். இதை ஜைனர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மறுத்துவருகிறார்கள். ஸ்யாத் என்பது 'இருக்கலாம்' என்ற இழுவை இல்லை, 'ஒரு விதத்தில் பார்த்தால் நிச்சயமாக' என்ற வரையறை என்பது அவர்களின் நிலை. ஆப்தமீமாம்சை எழுதிய சமந்தபத்திரரைக் காஞ்சியோடு சேர்த்துச் சொல்வது மரபு. அகளங்கர் காஞ்சியில் பௌத்தரை வாதத்தில் வென்றதாகத் தமிழ்ச் சமணர் வழக்கு. நாங்கள் உத்திரமேரூர் வழியாகப் போய்த் திருப்பருத்திக்குன்றத்தில் இறங்கினால் அந்த மரபின் கோயில் இன்றும் நிற்கிறது. ஸ்யாத்வாதம் ஐயத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று குற்றம் சாட்டியவர் சங்கரர், பிரம்மசூத்திரம் இரண்டாம் அத்தியாய உரையில். ஜைனரைக் கௌரவிக்க நினைத்து ராமச்சந்திரன் வைத்த பெயர், சங்கரர் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிடுகிறது.

ஸ்யாத்தின் வேலையைப் பார்க்க எங்க ஊர் உதாரணமே போதும். கருங்குழி செங்கல்பட்டில் இருக்கிறது, ஒரு விதத்தில்: மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஊர் என்ற விதத்தில். கருங்குழி செங்கல்பட்டில் இல்லை, ஒரு விதத்தில்: வள்ளலார் ஊர் என்ற விதத்தில். விதத்தைச் சேர்த்ததும் முரண் போய்விட்டது. இங்கே எந்தப் புதுத் தர்க்கமும் தேவையில்லை, இரண்டு ஊருக்கும் இரண்டு அடையாள எண் கொடுத்தால் பழைய தர்க்கமே ஓடும். 'ஸ்யாத்வாதம்தான் பாராகன்சிஸ்டன்ட் லாஜிக்' என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். வரையறையைச் சேர்த்த பிறகும் மிச்சம் இருக்கிற முரண் எது?

கிரகாம் பிரீஸ்ட் மிச்சம் இருக்கிறது என்பார். சில முரண்கள் உண்மையிலேயே மெய் என்பது 1987-இல் வந்த அவருடைய புத்தகத்திலிருந்தே அவர் கட்சி. 2008-இல் ஜைன தர்க்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஏழு பங்கங்களையும் பல மதிப்புகள் கொண்ட ஒரு தர்க்கமாகக் கட்டிக் காட்டுகிறார். மூன்று அடிப்படைகள், அவற்றின் வெறுமையல்லாத சேர்க்கைகள் ஏழு. கணக்கு கச்சிதம். மகலனோபிஸ் 1954-லும் ஹால்டேன் 1957-லும் இந்த ஏழைப் புள்ளியியல் பக்கம் இழுத்தார்கள், அதுவும் கச்சிதம். கச்சிதமாக வருவதாலேயே எனக்குக் கொஞ்சம் பயம். இரண்டின் மூன்றாம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் ஏழு வரும் என்பது ஜைனரைப் பற்றிய செய்தி இல்லை.

ஜொனார்டன் கனேரி 2002-இல் எழுதியது எனக்கு ஜைனர்களுக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. அவர் யாஸ்கோவ்ஸ்கியின் உரையாடல் தர்க்கத்தைத் துணைக்கு அழைக்கிறார். ஒரு சபையில் பல பேர் பேசுகிறார்கள். ஒருவர் 'உண்டு' என்றார், இன்னொருவர் 'இல்லை' என்றார். சபைக் குறிப்பில் இரண்டும் ஏறும். ஆனால் 'உண்டும் இல்லையும்' என்று ஒரே மூச்சில் யாரும் சொல்லவில்லை, அதனால் அது ஏறாது. இரண்டையும் கூட்டிக் கட்டுவதைத் தடுத்தால் போதும், வெடிப்பு வராது. சப்தபங்கியில் மூன்றாவதும் நான்காவதும் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். உண்டு, இல்லை என்று அடுத்தடுத்துச் சொல்வது மூன்றாவது. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முயன்றால் அது நான்காவது, அவக்தவ்யம், சொல்லில் அடங்காதது. வரிசையாகச் சொல்லலாம், ஒன்றாகக் கட்ட முடியாது. யாஸ்கோவ்ஸ்கி போட்ட தடை ஏறக்குறைய இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிரீஸ்ட்டின் அட்டவணையில் மூன்றும் நான்கும் இரண்டு மதிப்புகள் என்று மட்டும் தெரியும். ஏன் இரண்டு என்பது தெரியாது.

அட்டவணைகளைப் பற்றிய இந்தப் புகார் என்னுடையது மட்டுமில்லை. தொடர்புத் தர்க்கத்துக்கு ரூட்லியும் மேயரும் 1973-இல் ஒரு அர்த்தவியல் கொடுத்தார்கள். மூன்று புள்ளிகளுக்கு இடையில் ஒரு உறவு, மறுப்புக்கு ஒரு நட்சத்திரக் குறி, முரண்படும் உலகங்கள். தேற்றங்கள் எல்லாம் சரியாக விழுந்தன. 1979-இல் கோப்லண்டு கேட்டார்: இதெல்லாம் சரி, அந்த மூன்று புள்ளி உறவுக்கு அர்த்தம் என்ன? அர்த்தம் சொல்லாத கணித மாதிரியை அர்த்தவியல் என்று எப்படிச் சொல்வது? பிற்பாடு ரெஸ்டால் போன்றவர்கள் அதைத் தகவல் ஓட்டமாகப் படித்துப் பதில் தந்தார்கள். ஒரு சூழ்நிலையில் இருக்கும் விதியை இன்னொரு சூழ்நிலையில் இருக்கும் தகவலோடு சேர்த்தால் மூன்றாவதில் என்ன கிடைக்கும் என்பதே அந்த உறவு. ஏரிக் கதையில் நாம் செய்தது அதுதான். பதில் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கேள்வி அதைவிடப் பிடித்திருக்கிறது. ராமச்சந்திரனிடமும் அதையே கேட்க வேண்டும்: அந்த 1 யாருடைய 1? உலகத்துடையதா, சொன்னவருடையதா?

கடைசியாக ஒன்று, மணிமேகலைக்கு எதிர்க்கட்சியிலிருந்து. தர்மகீர்த்திக்கு விருத்த வியபிசாரி பிடிக்கவில்லை. நியாயபிந்துவில் அதைக் கழித்துக்கட்டுகிறார். பொருளின் இயல்போடு கட்டுண்ட ஏது இரண்டு எதிரெதிராக இருக்க முடியாது என்பது அவர் வாதம். உலகம் ஒன்று, அதிலிருந்து நேராக எடுத்த காரணங்கள் முட்டாது. ராமச்சந்திரனின் (0 0) சொல்வதும் இதைத்தான், அணுக்கள் முட்டும் கோணத்தில் மூலக்கூறு இல்லை. ஆனால் தர்மகீர்த்தி ஒரு விலக்கு வைக்கிறார். ஆகமத்தை நம்பிச் செய்யும் அனுமானத்தில், அதாவது ஏதோ ஒரு நூல் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே போகும் அனுமானத்தில், இந்த மோதல் வரும் என்கிறார்.

உதவித்தொகை டேபிளை எழுதிய எங்களில் யாரும் அந்தப் பாட்டியைப் பார்த்ததில்லை. யாரோ ஒரு ரிஜிஸ்டரில் எழுதினார்கள், அதைப் பார்த்து யாரோ டைப் அடித்தார்கள், அதை நாங்கள் படித்தோம். தர்மகீர்த்தியின் பாகுபாட்டில் அது ஆகமம். கண்ணால் பார்த்த பொருளிலிருந்து எடுத்த ஏது எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அவர் வைத்த விலக்கு எங்களுக்கு முழுசாகப் பொருந்தும், அறவண அடிகள் பட்டியலில் ஆறாவதாகச் சொன்ன போலியும் அப்படியே பொருந்தும். அந்த ப்ரோக்ராமில் முரண் வரும் கட்டத்தில் பூஜ்யம் எழுதியிருக்கக் கூடாது, 'போய்ப் பார்' என்று எழுதியிருக்க வேண்டும்.